ஒரு விரல், ஆறு கம்பி

எங்கள் பாட்டிக்குக் கித்தாவும் கித்தாரும் ஒரே சொல்தான். ஒன்று அவர் நாற்பது வருடம் வெட்டிய மரம். இன்னொன்று அவர் மகன் சம்பளக் காசில் வாங்கிவந்த வெட்டிச் செலவு. "கித்தா வெட்டுற வீட்டுக்குக் கித்தார் எதுக்குடா?" என்று அவர் மாமாவைக் கேட்டதை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். மாமா சிரிக்க மாட்டார்.

மாமா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பதினொரு வயதில் பாட்டியோடு மரம் வெட்டப் போனபோது, பால் வெட்டும் கத்தி இடதுகைச் சுட்டுவிரலின் நடுமூட்டில் இறங்கிவிட்டது. காயம் ஆறியது, விரல் மட்டும் அதன் பிறகு முழுதாக நிமிரவில்லை. சோறு சாப்பிட, சட்டை பொத்தான் போட, எதற்கும் அந்த விரலால் தொந்தரவு இல்லை. கிட்டாரில் எஃப் கார்ட் பிடிப்பதற்கு மட்டும் அது உதவாது.

1985 வாக்கில் மாமா பட்டணத்தில் ஓர் இசைக்குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தார். கல்யாண வீடு, கோயில் திருவிழா, தீபாவளி கலைநிகழ்ச்சி. எஃப் வரும் இடத்தில் அவர் நாலே கம்பியில் ஒரு சின்ன எஃப் பிடிப்பார். அதுவும் சரிவராத பாட்டுக்குக் கழுத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். குழுவை நடத்தியவர் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: 'திருட்டு எஃப்'. "எஃப் புடிக்கத் தெரியாதவனுக்குக் கிட்டார் எதுக்கு?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாராம். சில மாதங்களில் மாமாவின் கிட்டார் அலமாரி உச்சிக்குப் போனது.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நானும் ஒரு மலிவு கிட்டார் வாங்கினேன். எஃப்பில் முட்டிக்கொண்டு நின்றேன், விற்றுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் மாமாவின் அலமாரி உச்சியிலிருந்து அந்தப் பழைய கிட்டாரை இறக்கினேன். இம்முறையும் எஃப்தான். சுட்டுவிரலை ஆறு கம்பிமேலும் படுக்கவைத்து அழுத்தினால் மூன்று கம்பி செத்த சத்தம் தரும், மணிக்கட்டு வலிக்கும். என் விரல் நேராகத்தான் இருக்கிறது. இருந்தும் வரவில்லை.

நான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொறியியலாளன். எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏதாவது சரியாக வேலை செய்யவில்லை என்றால் ஆளைத் திட்டுவதற்கு முன் வரைபடத்தைத் தேடுவோம். ஒரு விரல் ஆறு கம்பியைத் தாங்கவேண்டும் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? அந்த வரைபடத்தைத் தேடிப் போன கதைதான் இது.

*

முதலில் பார் கார்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கிட்டார் கழுத்தின் தலைப்பக்கத்தில், கம்பிகள் உட்காரும் பள்ளங்களோடு ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். அதன் பெயர் நட். விரல் வைக்காத கம்பி அங்கிருந்துதான் ஒலிக்கத் தொடங்கும். ஈ மேஜர் பிடிக்கும்போது மூன்று கம்பிகளை விரல்கள் அழுத்துகின்றன, மற்ற மூன்றையும் நட் பார்த்துக்கொள்கிறது. அதே வடிவத்தை ஒரு பிரெட் மேலே தள்ளினால் எஃப் வரவேண்டும். ஆனால் நட் நம்மோடு நகர்ந்து வராது. அந்த வேலையைச் சுட்டுவிரல் எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் பிரெட்டுக்குத் தள்ளினால் ஜி, ஐந்துக்குத் தள்ளினால் ஏ. கை வடிவம் மாறவே மாறாது.

ஸ்பானியர்கள் இதை 'செஹா' என்கிறார்கள். புருவம் என்று அர்த்தம். நட்டுக்கும் அதே குடும்பத்துச் சொல்லான 'செஹியா', குட்டிப் புருவம். விரல் செய்வது நட்டின் வேலைதான் என்பது அவர்கள் மொழியிலேயே பதிந்திருக்கிறது.

பலன் பெரியது. மேஜருக்கு ஒரு வடிவம், மைனருக்கு ஒரு வடிவம், நிறுத்த 12 இடங்கள். இரண்டே வடிவத்தில் 24 கார்ட்கள் கைக்கு வந்துவிடும்.

இந்த 24 என்ற எண் பழையது. காட்டலோனியாவைச் சேர்ந்த ஜுவான் கார்லெஸ் அமாட் ஒரு மருத்துவர். அவர் எழுதிய ஒரு சின்னக் கிட்டார் நூல் 1596-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. கார்ட் அடித்து வாசிப்பதைச் சொல்லித்தரும் நூல்களில் நமக்குத் தெரிந்தவற்றில் இதுவே மூத்தது. 12 மேஜர், 12 மைனர் கார்ட்களை ஒரு வட்டத்தில் அடுக்கி, ஒரு பாட்டை எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கி வாசிக்கலாம் என்று காட்டியிருந்தார் அவர். அந்தக் கிட்டாருக்கு ஆறு கம்பி கிடையாது, ஐந்து வரிசை. பெரும்பாலும் வரிசைக்கு இரண்டிரண்டாக நரம்புக் கம்பிகள், அதாவது விலங்குக் குடலில் திரித்தவை.

அடுத்து 1606, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம். ஜிரோலமோ மொண்டேசார்டோ என்பவர் ஒரு நூல் அச்சிட்டார். ஸ்வரம் படிக்கத் தெரியாதவர்களும் கிட்டார் வாசிக்க ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எழுத்து கொடுத்தார். 'அல்ஃபபேத்தோ' என்று அந்த முறை பிரபலமானது. எழுத்துகளுக்கும் இன்றைய கார்ட் பெயர்களுக்கும் சம்பந்தமில்லை. அவர் 'எஃப்' என்று எழுதினால் நம்முடைய ஈ மேஜர். அவருடைய 'ஜி'தான் நம்முடைய எஃப்.

அந்த 'ஜி'யை எப்படிப் பிடித்தார்கள் என்று பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மேல்பக்கத்திலிருந்து வரிசையாக 3, 3, 2, 1, 1. முதல் பிரெட்டில் சுட்டுவிரல் அழுத்தவேண்டியது கடைசி இரண்டு வரிசைகளை மட்டும். மற்ற மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும். ஆறாவது கம்பி என்று ஒன்று இல்லாததால் ஆறையும் மறித்துப் படுக்கும் விரலும் தேவைப்படவில்லை. மாமாவின் 'திருட்டு எஃப்' இதிலிருந்து ஒரு கம்பியை மட்டும் விட்டது, மற்றபடி அச்சு அசலாக இதேதான். நானூறு வருடத்துக்கு முன்னால் ஊரே வாசித்த எஃப்பை எங்கள் பட்டணத்து இசைக்குழுவில் திருட்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

முழுப் பார் அப்போது இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. அல்ஃபபேத்தோவில் 'எச்' என்ற எழுத்து பி ஃபிளாட் மேஜர். அதற்குச் சுட்டுவிரல் ஐந்து வரிசையையும் மறித்தது. பிறகு வந்தவர்கள் எழுத்தின் மேல் ஓர் எண்ணைச் சேர்த்து, இதே வடிவத்தை இத்தனாவது பிரெட்டுக்குக் கொண்டுபோ என்று குறித்தார்கள். நகரும் கார்ட் என்ற யோசனை 17-ஆம் நூற்றாண்டிலேயே முழுசாக இருந்தது.

*

ஆனால் வடிவத்தை நகர்த்தினால் கார்டும் ஒழுங்காக நகரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பிரெட்களுக்கு இடையிலான இடைவெளியெல்லாம் ஒரே விகிதத்தில் இருக்கவேண்டும். பழைய ஐரோப்பிய சுருதி முறைகளில் அப்படி இல்லை. ஓர் அரைச் ஸ்வரம் பெரிதாக இருக்கும், பக்கத்தில் இருப்பது சிறிதாக இருக்கும். ஒற்றைக் கம்பி வாத்தியத்தில் அதைச் சமாளிக்கலாம். கிட்டாரிலும் லூட்டிலும் ஒரே பிரெட் எல்லாக் கம்பிக்கும் குறுக்கே போகிறது. ஒரு கம்பிக்குச் சரியாக வைத்தால் பக்கத்துக் கம்பிக்குத் தவறிவிடும். அதனால்தான் எல்லா இடைவெளியையும் சமமாக்கும் யோசனைக்கு இந்தக் கலைஞர்கள் மற்றவர்களுக்கு முன்பே வந்துசேர்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் வின்சென்சோ கலீலி. வானத்தைப் பார்த்த கலீலியோவின் அப்பா, லூட் வாசிப்பவர். 1581-இல் வெளியான நூலில் அவர் சொன்ன வழி எளிமையானது. மிச்சமிருக்கும் கம்பி நீளத்தில் 18-இல் ஒரு பங்கை அளந்து முதல் பிரெட் வை, அதிலிருந்து மிச்சத்தில் 18-இல் ஒரு பங்கு அடுத்த பிரெட், இப்படியே போ. சீனாவில் மிங் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜு சாய்யூ 1584-இல் இதே சம இடைவெளியைத் துல்லியமான கணக்காகவே போட்டு முடித்திருந்தார்.

கலீலியின் விதியை நான் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 650 மில்லிமீட்டர் கம்பிக்கு 12-ஆவது பிரெட் சரியாகப் பாதியில், 325-இல் வரவேண்டும். அவர் விதிப்படி 322.6-இல் வருகிறது. ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் பிழை. ஆனால் விரல் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டு ஸ்வரம் ஏறும் அல்லவா, அந்த ஏற்றம் இந்தப் பிழையில் ஒரு பகுதியைச் சரிக்கட்டிவிடும். கால்குலேட்டர் இல்லாத காலத்து மனிதருக்கு இது நல்ல பொறியியல்.

இதே காலகட்டத்தில் தஞ்சாவூரிலும் இதே பிரச்சினை மேசைக்கு வந்திருக்கிறது. வீணையில் பிரெட்டுக்கு மெட்டு என்று பெயர். இன்றைய தஞ்சாவூர் வீணைக்கு மெழுகில் பதித்த 24 மெட்டுகள், ஒரு ஸ்தாயிக்கு 12. ராகத்துக்கு ராகம் மெட்டை நகர்த்தாமல் எல்லாவற்றையும் வாசிக்க உதவும் இந்த அமைப்பை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ரகுநாத நாயக்கரோடும் அவர் அமைச்சர் கோவிந்த தீட்சிதரோடும் இணைத்துச் சொல்வது மரபு. தீட்சிதரின் மகன் வேங்கடமகி அந்த 12 இடங்களை வைத்துத்தான் 72 மேளங்களைக் கணக்கிட்டார்.

இரண்டு இடத்திலும் 12 நிலையான இடங்கள். விரல் மட்டும் வேறு வேலைக்குப் போனது. வீணையில் மெட்டு ஸ்வரத்தின் இடத்தைக் காட்டும், கமகத்தை விரல் கம்பியை இழுத்து உண்டாக்கும். அங்கே ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை அடுக்கி ஒலிக்கும் கார்ட் தேவைப்படவில்லை, ஆகவே எல்லாக் கம்பியையும் மறிக்கும் விரலும் தேவைப்படவில்லை. கிட்டாரில் கார்டை அப்படியே தூக்கிக்கொண்டு நடக்கும் வசதி வேண்டியிருந்தது. அதற்கான கூலியைச் சுட்டுவிரல் கொடுக்கத் தொடங்கியது.

*

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிட்டார் ஆறு ஒற்றைக் கம்பிக்கு மாறியது. புதிதாகச் சேர்ந்தது கனமான கீழ் ஈ. மொண்டேசார்டோவின் எஃப்புக்கு இப்போது இன்னொரு கம்பி பாக்கி. அதை யார் அழுத்துவது?

இதில் இரண்டு கட்சி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டைவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்து ஆறாவது கம்பியை அழுத்துவது சாதாரண வழக்கம். அன்றைய கழுத்துகள் குறுகலாகவும் இருந்தன. மறுபக்கத்தில் 1830-இல் தன் முறை நூலை வெளியிட்ட ஃபெர்னாண்டோ சோர், கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் தாங்குதலாக நிற்கவேண்டும் என்றார். கிளாசிக்கல் கிட்டார் வகுப்புகள் சோர் பக்கம் சாய்ந்தன, முழுப் பாரே 'சரியான' வழியானது. கட்டைவிரல் கட்சி வகுப்புக்கு வெளியே உயிரோடு இருந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எஃப் வடிவத்தைப் பிடிக்கும் படங்களைப் பாருங்கள், கழுத்துக்கு மேலே அவருடைய நீளமான கட்டைவிரல் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. விரலே வேண்டாம், ஒரு கருவியை நட்டாக மாற்றி வைத்துக்கொள்வோம் என்றவர்கள். அந்தக் கருவி காப்போ. 'காப்போதாஸ்தோ' என்ற சொல்லை 1640-இல் இத்தாலிய அறிஞர் ஜொவான்னி பத்திஸ்தா தோனி பயன்படுத்தியிருக்கிறார், வியோலா ட காம்பா என்ற வாத்தியத்தின் நட்டைக் குறிக்க. 1850-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷ்போர்ன் காப்போவுக்குக் காப்புரிமை வாங்கினார். ஃபிளமெங்கோ கலைஞர்கள் பாடகரின் குரலுக்கு ஏற்பக் காப்போவை மாட்டிக்கொண்டு வாசிப்பதை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்வதில்லை. பென்சிலும் ரப்பர் பேண்டும் செய்வது இதே வேலையைத்தான்.

*

இதுவரை எல்லாம் நரம்புக் கம்பி. விரலுக்கு நிஜமான சோதனை இரும்போடுதான் வந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பேஞ்சோவுக்கும் மாண்டலினுக்கும் நடுவில் கிட்டார் சத்தம் காணாமல் போனது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் கிட்டார் மோகம் பரவியது. அங்கே கிட்டாரை மடியில் படுக்கவைத்து, இரும்புக் கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். விரலின் பார் வேலையை அந்த இரும்புத் துண்டு செய்துவிடும். சத்தம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. 1922-இல் மார்ட்டின் நிறுவனம் தன் 2-17 மாடலை இரும்புக் கம்பிக்கென்றே செய்து விற்றது. கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டைச் செலுத்தும் யோசனைக்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். இழுவையில் கழுத்து வளைந்தால் அந்தத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம், கழுத்தை ஒல்லியாகவும் செதுக்கலாம்.

கழுத்துக்குத் தாங்குதல் கிடைத்தது. சுட்டுவிரலுக்குக் கிடைக்கவில்லை. நைலான் கம்பி ஆறும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. சாதாரண இரும்புக் கம்பி செட்டில் அது 70 கிலோவைத் தாண்டும்.

மாமாவின் கிட்டாரை நான் தொழிற்சாலை ஃபீலர் கேஜால் அளந்தேன். முதல் பிரெட்டுக்கு மேலே கம்பி ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அதில் பாதி போதும். நட்டிலிருந்து முதல் பிரெட் 36 மில்லிமீட்டர் தூரம்தான். ஒரு கம்பியின் இழுவை 12 கிலோ என்றால், அதை ஒரு மில்லிமீட்டர் கீழே தள்ளத் தோராயமாக 330 கிராம் விசை வேண்டும். ஆறு கம்பிக்கு இரண்டு கிலோ. இரண்டு கிலோ அரிசிப் பையைச் சுட்டுவிரலின் பக்கவாட்டு எலும்பால் தாங்கிக்கொண்டு, மற்ற மூன்று விரலையும் தனித்தனியாக அசைக்கவேண்டும். நட்டின் பள்ளங்களை அரம் வைத்துப் பாதி இறக்கினால் விசையும் பாதியாகிறது. ஐந்தாம் பிரெட்டில் இதே பாரைப் பிடிக்க ஆகும் விசையும் கிட்டத்தட்ட பாதிதான்.

அப்படியென்றால் கிட்டாரின் எல்லாப் பார்களிலும் கஷ்டமானது முதல் பிரெட் பார், அதாவது எஃப். அதைத்தான் புதிதாகக் கற்பவனுக்கு முதலில் தருகிறார்கள்! காரணம் விரலுக்குச் சம்பந்தமில்லாதது. பாடம் சி மேஜரில் தொடங்கும். சி மேஜரில் ஒரு பாட்டு வாசிக்க சி, எஃப், ஜி மூன்றும் வேண்டும். பியானோவில் சி மேஜர் வெள்ளைக் கட்டைகளின் சமதரை. கிட்டாரில் அதுவே மூன்றாம் வாரத்துச் சுவர். இந்தச் சுவரில் முட்டி எத்தனை கிட்டார்கள் அலமாரி உச்சிக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

*

விரல் ஒத்துழைக்காதவர்கள் எல்லாம் என்ன செய்தார்கள் என்று அப்புறம் தேடினேன். மாமாவுக்காகத்தான் தேடினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

1928-இல் ஜாங்கோ ரைன்ஹார்ட் தங்கியிருந்த வண்டி தீப்பிடித்தது. இடதுகையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுருங்கிப்போயின. அவர் இரண்டு விரலால் தனிவாசிப்பு செய்து, கட்டைவிரலையும் சேர்த்துக்கொண்டு புதிய கார்ட் வடிவங்களை உண்டாக்கினார். ஐரோப்பிய ஜாஸ் கிட்டாரின் குரல் அந்தக் கையிலிருந்து வந்தது. 1960-களில் பர்மிங்ஹாமின் இரும்புத்தகடு ஆலையில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன், வேலையின் கடைசி நாளில் இரண்டு விரல் நுனிகளை இழந்தான். அவன் இடதுகைக்காரன், ஆகவே போனது கம்பியை அழுத்தும் வலதுகையின் நுனிகள். ஜாங்கோவின் இசைத்தட்டைக் கேட்கவைத்து அவனை மறுபடி கிட்டாருக்குத் திருப்பியவர் ஆலையின் மேலாளர். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் உறை செய்துகொண்டான், மெல்லிய கம்பி போட்டான், பிறகு சுருதியையும் இறக்கினான். பிளாக் சபாத்தின் கனமான ஓசைக்குப் பின்னால் அந்த விபத்தும் இருக்கிறது. கனடாவின் ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் போலியோ, இடதுகையில் வலு குறைவு. கம்பிகளையே வேறு வேறு சுருதிக்குத் திருகி, எளிய பிடிகளில் யாரும் கேட்காத கார்ட்களைக் கண்டெடுத்தார்.

விரல் நன்றாக இருந்தவர்களும் எல்லாக் கம்பியையும் வாசித்ததாகச் சொல்லமுடியாது. 1937-இலிருந்து 1987-இல் இறக்கும்வரை கவுண்ட் பேசி இசைக்குழுவின் ரிதம் கிட்டாராக இருந்தவர் ஃபிரெடி கிரீன். ஒரு பெரிய பித்தளை வாத்தியக் கூட்டத்தையே நடத்திய அந்தத் தாளத்தில் பல நேரம் ஒன்றிரண்டு கம்பிதான் தெளிவாக ஒலித்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷாடோஸும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தார்கள். அதன் பிறகு இங்கே கிட்டார் குழுக்கள் முளைத்தன. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப இடைநிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய தி குவெஸ்ட்ஸ், 1964-இல் 'ஷாண்டி' என்ற கிட்டார் இசைத்தட்டால் சிங்கப்பூர்ப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மலாய்க் குழுக்களுக்குக் 'குகிரான்' என்றே ஒரு பெயர் வந்தது. கும்புலான் கித்தார் ரஞ்சாக், துடிப்பான கிட்டார் குழு என்பதன் சுருக்கம் அது. ஒருவர் லீட், ஒருவர் ரிதம். அவர்கள் கையில் இருந்தது எலெக்ட்ரிக் கிட்டார். கழுத்து ஒல்லி, கம்பி தாழ்வு. சத்தத்தை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும், விரல் இரண்டு கிலோ தூக்கவேண்டியதில்லை.

மாமா தலைமுறைக்கு இரண்டு பக்கமிருந்தும் கிட்டார் கேட்டது. ரேடியோவில் பினாங்கின் அலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் மலாயில் பாடி நாடு முழுக்கப் பிரபலமானார்கள். கேசட்டில் இளையராஜா, இசையமைப்பாளர் ஆவதற்கு முன் சலீல் சௌத்ரிக்குக் கிட்டார் வாசித்தவர். கிட்டார் இல்லாத இசைக்குழுவை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடாத காலம். ஆனால் தோட்டத்துப் பையனுக்குக் கிடைத்தது மலிவான மரக் கிட்டார். நட் உயரம், கம்பி இரும்பு, கழுத்து தடிமன். எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்ததை அதில் அப்படியே வாசிக்கச் சொன்னார்கள். முடியாதபோது குறை விரலுக்குப் போனது.

*

போன மாதம் இவ்வளவையும் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது பிறையில் இருக்கிறார், தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். பசியாறிக்கொண்டே கேட்டார். நான் அமாட்டிலிருந்து அயோமிவரை சொல்லி முடித்தேன். "நீங்க வாசிச்சதுதான் மாமா ஒரிஜினல் எஃப். அந்தாளு சொன்னது தப்பு. உங்க விரலால நீங்க விட்டிருக்கவே வேண்டியதில்ல."

மாமா தோசையைப் பிய்த்தபடி, "நான் வெரலால விடல தம்பி" என்றார். "அந்த வருசம்தான் பிறையில வேல கெடச்சிச்சி. நைட் ஷிஃப்ட். எங்க போய் வாசிக்கிறது?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நல்ல கோட்பாட்டை ஒரு நைட் ஷிஃப்ட் உடைத்துவிட்டது. நாலு நூற்றாண்டைத் தோண்டி நான் மாமாவுக்கு நியாயம் வாங்க வந்திருக்கிறேன், அவர் வழக்கே போடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "அந்தப் படம் இருக்கா? அந்த நானூறு வருசத்து எஃப்பு?"

கைபேசியில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, வலதுகை விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுப் பார்த்தார். மூணு, மூணு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. இடதுகை சாப்பாட்டு மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது. சுட்டுவிரலின் நுனி மட்டும் இரண்டு கம்பி அகலத்துக்குப் படுத்திருந்ததை நான் பார்த்தேன். அவர் கவனித்தாரா தெரியாது. "அந்தாளு செத்துப்போய் பத்து வருசம் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

காடியிலிருந்து கிட்டாரை எடுத்து வந்தேன். நட்டை நான் அரம் போட்டு இறக்கியிருந்தேன். மாமா குனிந்து பள்ளங்களைப் பார்த்து, "நாலாவது கொஞ்சம் ஆழமாப் போச்சி" என்றார். முப்பது வருடம் அச்சு வார்ப்பு பிரிவில் இருந்தவர். அவர் சொன்னது சரி. பையிலிருந்த காப்போவை நீட்டினேன். ஸ்பிரிங்கை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார், முதல் பிரெட்டில் மாட்டினார், ஈ வடிவத்தை வைத்து ஒரு தடவை அடித்தார். ஆறு கம்பியும் பேசின.

"இதுக்குப் பேரு இருக்கா?"

"காப்போ, மாமா."

"எத்தன வெள்ளி?"

"முப்பத்தஞ்சு."

மாமா அதைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பென்சிலு இருவது காசு" என்றார்.